ஏறிய பிறகு ஏணியை எடுக்கலாமா? பெரிய கால்பந்து கிளப்களும் உள்நாட்டு லீக்கும்: ஓர் எளிய விளக்கம்

அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். சனிக்கிழமை இரவு கண்விழித்து ஸ்பெயின் லீக் ஆட்டம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் சிவக்க என்னோடு வேலந்தாவளம் சாலை டீக்கடைக்கு வருவது அவன் வழக்கம். ரியல் மாட்ரிட் என்றால் அவனுக்கு உயிர். அன்றைக்கு அவன் அணி ஜெயித்துத்தான் இருந்தது. ஆனாலும் முகத்தில் உற்சாகம் இல்லை. எதிரில் ஆடியது புள்ளிப் பட்டியலின் அடியில் கிடக்கும் ஓர் அணி. அரை மணி நேரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"மாமா, இப்படிச் சின்ன அணிகளோடு ஆடுவது வீண்தானே? ரியல் மாட்ரிட், பார்சிலோனா, லிவர்பூல், பேயர்ன் எல்லாரும் அவரவர் நாட்டு லீக்கை விட்டு வெளியே வந்து, ஐரோப்பாவுக்கு ஒரே லீக் வைத்துக்கொண்டால் என்ன? வாரா வாரம் பெரிய ஆட்டமாகவே பார்க்கலாமே?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. உலகின் பெரும் பணக்காரக் கிளப்களின் தலைவர்கள் சிலரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அன்று கடையில் கூட்டம். பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கால்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கும் வேறு யாருக்கும் பயன்பட்டால் மகிழ்ச்சி.

முதலில், லீக் வேறு, கோப்பை வேறு

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் செவன்ஸ் கால்பந்து என்றால் தெரியாதவர் கிடையாது. அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ மூங்கிலையும் கமுகு மரத்தையும் கட்டிக் காலரி எழுப்புவார்கள். அணிக்கு ஏழு பேர். விளக்கு வெளிச்சத்தில் இரவு ஆட்டம். பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் கோடை முழுக்க இதுதான் திருவிழா. இது கோப்பைப் போட்டி. தோற்றவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கோல் காப்பாளருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால்கூட ஒரு வருடத்துக் கனவு போய்விடும்.

லீக்கில் ஒரு தோல்வி யாரையும் வீட்டுக்கு அனுப்பாது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்றப் பத்தொன்பது அணிகளோடும் சொந்த ஊரில் ஒரு முறை, எதிராளியின் ஊரில் ஒரு முறை ஆட வேண்டும். மொத்தம் 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1. ஆகஸ்டில் தொடங்கி மே வரை ஓடும். குளிர், மழை, காயம், நடுவரின் தவறு எல்லாம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து போய்விடும். கோப்பையை அதிர்ஷ்டத்தால் வென்றவர்கள் உண்டு. ஒன்பது பத்து மாதம் ஓடும் லீக்கை அதிர்ஷ்டம் மட்டும் வைத்து வெல்ல முடியாது.

லீக்கின் அடியில் ஓர் ஏணி இருக்கிறது

நம் ஊரில் பெரும்பாலானோர் முதலில் பார்த்துப் பழகிய லீக் ஐபிஎல். அதில் கடைசி இடம் பிடித்த அணி அடுத்த ஆண்டும் அதே ஐபிஎல்லில்தான் ஆடும். அது மூடிய லீக். அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்பிஏவும் அப்படித்தான்.

ஐரோப்பியக் கால்பந்து திறந்த லீக். பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் ஒரு படி கீழே இறங்க வேண்டும். கீழ்ப் படியிலிருந்து மூன்று அணிகள் மேலே வரும். அந்தக் கீழ்ப் படிக்குக் கீழே இன்னொரு படி, அதற்கும் கீழே இன்னொன்று என்று நான்கு படிகளில் 92 தொழில்முறைக் கிளப்கள். அதற்கும் கீழே சின்னஞ்சிறு ஊர்க் கிளப்கள் வரை அந்த ஏணி இறங்கிக்கொண்டே போகிறது. எழுத்தளவில் பார்த்தால், எந்த ஊர்க் கிளப்பும் ஜெயித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் உச்சிக்கு வந்துவிடலாம்.

எழுத்தளவில் மட்டுந்தானா என்று கேட்பவர்களுக்கு லூட்டன் டவுன் கிளப்பைக் காட்டுவேன். லண்டனுக்கு வடக்கே உள்ள ஊர். பணச் சிக்கல், நிர்வாகக் குளறுபடி என்று 30 புள்ளிகள் வெட்டப்பட்டு, 2009இல் அந்த நான்கு படிகளுக்கும் வெளியே, ஐந்தாம் படியில் போய் விழுந்தார்கள். ஐந்து சீசன்கள் அங்கேயே கிடந்தார்கள். 2014இல் நான்காம் படி. 2018இல் மூன்றாம் படி. 2019இல் இரண்டாம் படி. 2023இல் பிரீமியர் லீக்.

அவர்கள் மைதானத்தின் பெயர் கெனில்வொர்த் ரோடு. பன்னிரண்டாயிரம் பேருக்குமேல் இடமில்லை. வெளியூர் ரசிகர்கள் உள்ளே போகும் வாசல் வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. இரண்டு வீட்டுக் கதவுகளுக்கு இடையில் நுழைந்து, இரும்புப் படியேறினால், கீழே அந்த வீடுகளின் கொல்லைப்புறம் தெரியும். முதல் முறை அதைப் படத்தில் பார்த்தபோது யாரோ வீட்டு மாடிக்குப் போகும் வழி என்றுதான் நினைத்தேன். அந்த வழியாகத்தான் 2023 நவம்பர் 5 அன்று லிவர்பூல் ரசிகர்கள் உள்ளே போனார்கள். 80ஆவது நிமிடத்தில் லூட்டன் கோல் அடித்துவிட்டது. லிவர்பூலுக்கு மூச்சே நின்றது. கூடுதல் நேரத்தில் லூயிஸ் டியாஸ் தலையால் முட்டிச் சமன் செய்து, ஒரு புள்ளியோடு ஊர் திரும்பினார்கள்.

ஐந்தாம் படியில் கிடந்த ஒரு கிளப், ஆறு முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற கிளப்பைத் தன் வீட்டு முற்றத்துக்கு வரவழைத்தது. யாரும் சலுகை காட்டவில்லை. ஏணி இருந்தது, ஏறினார்கள்.

கண்டப் போட்டி எங்கே வருகிறது?

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு லீக் என்றால், நாடுகளுக்கு இடையே யார் பெரியவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக ஐரோப்பியக் கோப்பை 1955இல் தொடங்கியது. அந்தந்த நாட்டுச் சாம்பியனுக்குத்தான் இடம் என்பது பழைய ஏற்பாடு. 1992இல் அதற்குச் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் வந்தது. பிறகு பெரிய நாடுகளிலிருந்து இரண்டாம், மூன்றாம், நான்காம் இடம் பிடித்தவர்களும் உள்ளே வந்தார்கள். 2024-25 சீசனிலிருந்து 36 கிளப்கள் ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் எட்டு ஆட்டம் ஆடிய பிறகு வெளியேற்றச் சுற்றுகள். நடத்துவது யூயெஃபா எனப்படும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு.

இதில் புதிதாகப் பார்க்க வருபவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுதான். முந்தைய ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கையோ அதற்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோபா லீக்கையோ வென்றவர்களைத் தவிர, சாம்பியன்ஸ் லீக்குக்கு வழி உள்நாட்டு லீக் வழியாகவே போகிறது. இந்த ஆண்டு உன் நாட்டில் நன்றாக ஆடினால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் ஆடலாம். பெரிய கிளப் ஒன்று உள்நாட்டில் எட்டாம் இடத்துக்குச் சரிந்தால், அதன் பெயர் எத்தனை பெரியதாக இருந்தாலும் பெரும்பாலும் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியதுதான்.

இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் சாட்சி. 1977இல் இரண்டாம் படியில் மூன்றாவதாக முடித்து, ஒட்டிக்கொண்டு மேலே வந்தார்கள். 1978இல் இங்கிலாந்துச் சாம்பியன். 1979இல் ஐரோப்பியச் சாம்பியன். 1980இல் மறுபடியும் ஐரோப்பியச் சாம்பியன். இரண்டாம் படியிலிருந்து கண்டத்தின் உச்சிக்கு இரண்டே ஆண்டு.

2021 ஏப்ரலில் நடந்தது

2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு. பன்னிரண்டு கிளப்கள் சேர்ந்து 'சூப்பர் லீக்' தொடங்குவதாக அறிவித்தன. இங்கிலாந்திலிருந்து ஆறு: ஆர்சனல், செல்சி, லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம். ஸ்பெயினிலிருந்து ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிகோ மாட்ரிட். இத்தாலியிலிருந்து யுவென்டஸ், ஏசி மிலான், இன்டர் மிலான். தலைவர், ரியல் மாட்ரிட்டின் ஃபுளோரென்டினோ பெரஸ். இன்னும் மூவரைச் சேர்த்து 15 நிரந்தர உறுப்பினர்கள். ஆண்டுக்கு 5 அணிகள் மட்டும் தகுதி பெற்று வரலாம். தொடக்கத்திலேயே நிறுவனக் கிளப்களுக்கு 350 கோடி யூரோ.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பலரும் தவறவிடுகிறார்கள். உள்நாட்டு லீக்கை விட்டுப் போவதாக அந்தப் பன்னிரண்டு கிளப்களும் சொல்லவே இல்லை. வார இறுதியில் உள்நாட்டு லீக், வாரத்தின் நடுவில் சூப்பர் லீக் என்றுதான் சொன்னார்கள். அப்படியானால் இவ்வளவு கொந்தளிப்பு ஏன்?

ஐரோப்பாவில் இருக்கை நிரந்தரம் என்றால், உள்நாட்டில் எத்தனையாவது இடம் என்பது அந்தக் கிளப்புக்குப் பெரிய பொருட்டாக இருக்காது. ஐந்தாம் இடமா, பத்தாம் இடமா என்று மே மாதம்வரை மாரடிக்கத் தேவையில்லை. முக்கிய வீரர்களைச் செவ்வாய், புதன் ஆட்டத்துக்குப் பத்திரப்படுத்திவிட்டு, சனிக்கிழமை இளைஞர்களை இறக்கினால் போதும். உடம்பு உள்நாட்டில் இருக்கும், மனம் வெளியே போய்விடும். மறுபக்கம், உள்நாட்டில் உயிரைக் கொடுத்து இரண்டாம் இடம் பிடித்த சிறிய கிளப்புக்கு ஐரோப்பாவில் இடம் கிடைக்குமா என்பது அந்த ஐந்து இருக்கைகளைப் பொறுத்தது. அக்கா மகன் கேட்ட முழு வெளியேற்றத்தின் முதல் படி இது.

ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கும் டார்ட்மண்டும் சேர மறுத்தன. அந்த நாட்டில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்குமேல் உறுப்பினர்களான ரசிகர்களின் கையில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. ரசிகர்களைக் கேட்காமல் ஓர் இரவில் ஊரை விற்றுவிட முடியாது. பாரிஸ் கிளப்பும் சேரவில்லை. ஏப்ரல் 19 அன்று தங்கள் மைதானத்தில் லிவர்பூலோடு ஆடவிருந்த லீட்ஸ் வீரர்கள், 'கால்பந்து ரசிகர்களுக்கானது' என்று எழுதிய சட்டையோடு பயிற்சிக்கு இறங்கினார்கள். ஏப்ரல் 20 மாலை செல்சி மைதானத்துக்கு வெளியே அந்தக் கிளப்பின் ரசிகர்களே தெருவை அடைத்து, சொந்த அணியின் பஸ்ஸை மறித்தார்கள். பல ஆண்டுகள் அவர்களுக்குக் கோல் காத்த பீட்டர் செக், அப்போது கிளப்பின் நிர்வாகத்தில் இருந்தவர், இறங்கிவந்து பேசிப் பார்க்க வேண்டியதாயிற்று. அன்று இரவுக்குள் ஆறு இங்கிலாந்துக் கிளப்களும் பின்வாங்கின. அறிவிப்பு வந்து முழுதாக இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

தங்கள் கிளப்புக்குக் கோடி கோடியாகப் பணம் வரப்போகிறது என்று தெரிந்தும், அந்தக் கிளப்பின் ரசிகர்களே வேண்டாம் என்று தெருவுக்கு வந்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

தண்டனை மிரட்டலும் இருந்தது. அப்படி ஒரு லீக்கில் ஆடும் வீரர்களைத் தங்கள் போட்டிகளில் சேர்க்க மாட்டோம் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அந்த ஆண்டு ஜனவரியிலேயே எச்சரித்திருந்தது. உலகக் கோப்பையில் ஆட முடியாது என்று அதற்குப் பொருள். செவன்ஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும் செவன்ஸுக்கு இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் கிடையாது. கூட்டம் ஒரு பக்கம், அங்கீகாரம் ஒரு பக்கம் என்று இங்கே பல காலமாகவே நடக்கிறது. 2023 டிசம்பர் 21 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: வெளிப்படையான அளவுகோல் எதுவும் இல்லாமல் புதிய போட்டிகளைத் தடுக்கும் அதிகாரத்தை ஃபிஃபாவும் யூயெஃபாவும் வைத்திருந்தது போட்டிச் சட்டத்துக்கு முரண். சூப்பர் லீக் சரியென்று நீதிமன்றம் சொல்லவில்லை; தடுத்த விதம் சரியில்லை என்றது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்றே நானும் நினைக்கிறேன்.

பன்னிரண்டு என்ற எண்

1888இல் இங்கிலாந்தில் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோதும் பன்னிரண்டு கிளப்கள்தான். பிரெஸ்டன், ஆஸ்டன் வில்லா, வுல்வ்ஸ், பிளாக்பர்ன், போல்டன், வெஸ்ட் பிராம், ஆக்ரிங்டன், பர்ன்லி, டெர்பி, நாட்ஸ் கவுன்டி, ஸ்டோக், எவர்டன்.

பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 2021இல் சூப்பர் லீக்குக்குக் கையெழுத்திட்ட ஆறு இங்கிலாந்துக் கிளப்களில் ஒன்றுகூட அதில் இல்லை. லிவர்பூல் பிறந்ததே 1892இல். செல்சி பிறந்தது 1905இல். அந்த ஆறும் பிறகு ஒவ்வொன்றாக லீக்குக்குள் வந்தவை. 1888இன் பன்னிரண்டு பேரும், 'நாங்கள்தான் நிறுவனர்கள், எங்கள் இடம் நிரந்தரம்' என்று கதவைச் சாத்தியிருந்தால், மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயரைக் கொழிஞ்சாம்பாறையில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

எவர்டனை யாரும் அழைக்கவில்லை. இங்கிலாந்து லீக்கை ஒன்பது முறை வென்ற கிளப். 2025 வரை அவர்களுடைய மைதானத்துக்கும் லிவர்பூல் மைதானத்துக்கும் நடுவே ஒரு பூங்காதான் இருந்தது. ஒரே தெருவில் ஒரு வீடு சிவப்பு, அடுத்த வீடு நீலம். ஒரு வீட்டுக்கு நிரந்தர இருக்கை, அடுத்த வீட்டுக்கு வாசலில்கூட இடமில்லை.

சரி, பெரிய கிளப்கள் சொல்வதில் உண்மையே இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் விவாதம் நேர்மையாக இராது.

பல நாடுகளில் உள்நாட்டு லீக் உப்புச்சப்பில்லாமல் போய்விட்டது. யுவென்டஸ் 2012 முதல் 2020 வரை ஒன்பது முறை தொடர்ந்து இத்தாலிச் சாம்பியன். பேயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை பதினொரு முறை. ஸ்காட்லாந்தில் 1985இல் அபர்டீன் வென்றது. அதன் பிறகு 2025 வரை செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு பெயர்களைத் தவிர வேறு பெயர் கோப்பையில் ஏறவில்லை. முடிவு தெரிந்த ஆட்டத்தை யார் கண்விழித்துப் பார்ப்பார்கள்? இளைஞர்கள் கால்பந்தை விட்டு விலகுகிறார்கள் என்று பெரஸ் சொன்னதும் இதை வைத்துத்தான்.

ஆனால் இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கண்டப் போட்டியின் பணத்திலிருந்துதான். 2024-25 சாம்பியன்ஸ் லீக்கின் 36 அணிகளில் ஒன்றாக நுழைந்தாலே, ஓர் ஆட்டமும் வெல்லாவிட்டாலும், ஒரு கோடியே 86 லட்சம் யூரோவுக்கு மேல் கையில் வரும். வெல்ல வெல்ல இன்னும் வரும். சின்ன நாட்டு லீக் ஒன்றில் ஒரு கிளப் மட்டும் ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து இந்தப் பணத்தை வாங்கினால் என்ன ஆகும்? அந்த நாட்டின் நல்ல வீரர்களையெல்லாம் அதுவே வாங்கிவிடும். பிறகு அதுவே மீண்டும் சாம்பியன், மீண்டும் அதே பணம். வட்டிக்கு வட்டி போலத்தான். நோய்க்குக் காரணமான பொருளையே இன்னும் இரண்டு மடங்கு கொடுத்தால் நோய் தீருமா?

இதற்கு எதிரே பிரீமியர் லீக்கைப் பாருங்கள். அதுவும் 1992இல் கூடுதல் தொலைக்காட்சிப் பணத்துக்காகப் பழைய லீக்கிலிருந்து பிரிந்து வந்த கூட்டந்தான். பேராசை என்று அன்று திட்டியவர்கள் ஏராளம். ஆனால் பிரிந்தபோதும் இரண்டு காரியங்களைச் சரியாகச் செய்தார்கள். ஏணியை வெட்டவில்லை. ஒளிபரப்புப் பணத்தில் முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். கடைசி அணி ஒரு ரூபாய் வாங்கினால் முதல் அணி ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல் வாங்கும். 2014இல் கீழ்ப் படியிலிருந்து வந்த லெஸ்டர் சிட்டி 2016இல் சாம்பியன் ஆனது. மறு ஆண்டு சாம்பியன்ஸ் லீக் காலிறுதிவரை போனது. ஸ்பெயினிலோ 2015 வரை ஒவ்வொரு கிளப்பும் தன் ஒளிபரப்பைத் தனியாக விற்றது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் பெரும்பங்கை அள்ளிக்கொண்டன. அக்கா மகனுக்குச் சலிப்புத் தட்டும் அந்தச் 'சின்ன அணி' சின்னதாக இருப்பதற்கு இதற்கும் பங்கு உண்டு.

உண்மையாகவே யோசிக்க வைப்பது செல்டிக் போன்ற கிளப்களின் நிலைதான். 1967இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்கள். அணியில் இருந்த எல்லாருமே அவர்கள் மைதானத்திலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். இன்று அந்தக் கிளப் ஆடும் நாடு சின்னது, ஒளிபரப்புப் பணம் சொற்பம். அவர்கள் எல்லை தாண்டிப் போக நினைத்தால் குற்றம் சொல்ல முடியுமா?

எல்லையில் வாழ்கிறவன் என்பதால் இதற்கு என்னால் கடுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. எங்களுக்குப் பள்ளிப் பாடம் தமிழில், ரேஷன் கார்டு மலையாளத்தில், தேங்காய் விற்பது பொள்ளாச்சியில், ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில். கால்பந்திலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப், சுவான்சி கிளப்கள் இங்கிலாந்து ஏணியில் ஆடுகின்றன. மொனாக்கோ பிரான்ஸ் லீக்கில் ஆடுகிறது. லீக்டென்ஸ்டைன் நாட்டின் வாடுஸ் சுவிட்சர்லாந்தில் ஆடுகிறது. வட அயர்லாந்தின் டெர்ரி சிட்டி, கலவரக் காலத்தில் 1972இல் தன் லீக்கை விட்டு விலக நேர்ந்து, 1985 முதல் எல்லைக்கு அந்தப் பக்கம் அயர்லாந்துக் குடியரசின் லீக்கில் ஆடுகிறது. இவர்கள் யாரும் நிரந்தர இருக்கை கேட்கவில்லை. போன இடத்தில் ஏறவும் இறங்கவும் ஒப்புக்கொண்டுதான் ஆடுகிறார்கள். எல்லையைத் தாண்டுவதில் எனக்கு மனத்தடை இல்லை. உள்ளே போனதும் கதவைத் தாழிடுவதுதான் தவறு.

கோயம்புத்தூரில் ஒரு மாலை

இதையெல்லாம் ஐரோப்பியக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் இருந்தவர்களுக்கு இது சொந்தக் கதை.

இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக்குகளில் ஒன்றான ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி கிளப் அந்த சீசனில் கோயம்புத்தூரைத்தான் சொந்த மைதானமாக வைத்திருந்தது. அன்று வென்றால் சாம்பியன். ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்றது. அவர்களுக்கு அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆட்டம். நான் இங்கே காலரியில், பாலக்காட்டு நண்பர் ஒருவர் அங்கே காலரியில். கையில் போன்.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே எதிரணியான மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. இடைவேளைவரை எங்கள் வரிசையில் யாரும் சரியாகப் பேசவில்லை. பிறகு பெட்ரோ மன்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டாவது கோலை அடித்தார். காது கிழிந்தது. அந்நேரம் போன் வந்தது: "கோகுலம் அடிச்சு!" கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன். இந்த முறை நண்பரின் குரல் தாழ்ந்திருந்தது. ஈஸ்ட் பெங்கால் சமன் செய்துவிட்டது. அப்புறம் முந்தியும் விட்டது. இனி இங்கே மினர்வா ஒரு கோல் போட்டால் கோப்பை கல்கத்தாவுக்கு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஆட்டத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடுதல் நேரத்தில் போரா மூன்றாவது கோலை அடித்த பிறகுதான் தலையைத் தூக்கினார். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42.

அந்த மாலையில் கோப்பையின் தலைவிதி யார் கையில் இருந்தது? மினர்வா, கோகுலம் இரண்டுமே பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்த அணிகள். அவர்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை. ஆனாலும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். சின்ன அணியோடு ஆடுவது வீண் என்று சொல்லும் எவரையும் அந்தக் காலரியில் என் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

இனிதான் வருத்தமான பகுதி. சாம்பியன் ஆன சென்னை சிட்டி அடுத்த ஆண்டு எங்கே போனது? உள்நாட்டில் மேலே எங்கேயும் போகவில்லை. 2014இல் தொடங்கிய ஐஎஸ்எல், அதாவது பணம் புழங்கும் இந்தியன் சூப்பர் லீக், அப்போது மூடிய லீக். ஐ-லீக்கை வென்றால் அதற்குள் நுழையலாம் என்ற வழியே அப்போது இல்லை. கோகுலம் கேரளா 2020-21இல் ஐ-லீக் வென்றது. 2021-22இல் மறுபடியும் வென்றது. இரண்டு முறையும் மேலே போக முடியவில்லை. முதல் முறையாக ஐ-லீக் வெற்றியால் மேலே போன அணி, 2022-23 சாம்பியனான பஞ்சாப். 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. ஒரு கிளப் நொடிந்துபோகக் காரணங்கள் பல இருக்கும். மூடிய கதவு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரியும். அந்த மாலை நேரு ஸ்டேடியத்திலிருந்து வெளியே வந்தபோது, 'அடுத்த வருடம் எங்கே?' என்று யாரோ கேட்டார்கள். பதில் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை.

கோகுலத்துக்கு ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. ஐ-லீக் வென்றதால் ஆசியக் கண்டப் போட்டியான ஏஎஃப்சி கோப்பையில் இடம் கிடைத்தது. 2022 மே 18 அன்று கல்கத்தாவில், ஐஎஸ்எல்லின் பெரிய பணக்காரக் கிளப்களில் ஒன்றான ஏடிகே மோகன் பகானை 4-2 என்று வென்றார்கள். உள்நாட்டு லீக்கில் சந்திக்கவே விடாத இரண்டு அணிகளைக் கண்டப் போட்டி எதிரெதிரே நிறுத்தியது. கண்டப் போட்டி உள்நாட்டுக் கால்பந்துக்கு எதிரி அல்ல என்று இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது? அதற்கான டிக்கெட்டைக் கோகுலம் உள்நாட்டு மைதானத்தில் சம்பாதித்திருந்தது.

என் பதில்

பெரிய கிளப்கள் உள்நாட்டு லீக்கை விட்டுப் போகக் கூடாது என்பதுதான் என் முடிவு. ஐரோப்பா முழுவதற்கும் பெரிய போட்டி வேண்டுமா? இருக்கட்டும். இன்னும் இரண்டு ஆட்டம் கூட்ட வேண்டுமா? வீரர்களின் முழங்கால் தாங்குமென்றால் கூட்டட்டும். ஆனால் ஆண்டுதோறும் அதற்குள் நுழைய உள்நாட்டுப் பட்டியல் மட்டுமே வழியாக இருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் பணத்தில் கணிசமான பங்கு, அந்தக் கிளப்களோடு உள்நாட்டில் ஆடித் தோற்கும் கிளப்களுக்கும் போக வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் ரியல் மாட்ரிட் யாரை வென்று ரியல் மாட்ரிட் ஆகியிருக்கும்?

இதில் பாதியைத்தான் அன்று டீக்கடையில் சொன்னேன். அக்கா மகன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. பார்சிலோனாவோடு வருடத்துக்கு நான்கு ஆட்டம் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று முணுமுணுத்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "அந்த லூட்டன் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். 2024இல் ஒரு படி இறங்கினார்கள், 2025இல் இன்னொரு படி இறங்கினார்கள், மூன்றாம் படிக்கே திரும்பிவிட்டார்கள் என்றேன். தென்னந்தோப்பு நிழலில் நின்று, போனில் மூன்றாம் படியின் புள்ளிப் பட்டியலைத் தேட ஆரம்பித்தான்.